பசியாறிவிட்டுப் பார்த்த குளம்

நீர்த்தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லாரும் என்னைவிடப் படித்தவர்கள். உங்கள் கையில் இருக்கும் மீட்டரும் என் காலத்து மீட்டரைவிடக் கெட்டிக்கார மீட்டர். தானே அளக்கிறது, தானே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறது, கொஞ்சம் விட்டால் சம்பள உயர்வும் கேட்கும். ஆகவே மீட்டரைப் பற்றி நான் வாயே திறக்கப் போவதில்லை. உங்களிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. காலையில் எப்போது பசியாறுகிறீர்கள்?

சிரிக்காதீர்கள். பின்வரிசையில் இருக்கும் தம்பி, உங்களைத்தான். ஜொகூரில் நான் வேலை பார்த்த அத்தனை வருடமும் குளங்களின் உடல்நிலையைத் தீர்மானித்தது எங்கள் டிரைவர் ரோஸ்லானின் வயிறுதான். ரோஸ்லான் தங்கமான மனிதர். ஆனால் வயிறு காலியாக இருந்தால் அவருக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. வேன் அலுவலக வாசலைத் தாண்டும்போதே கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். "காக், முதலில் சாப்பாடு, பிறகு சாம்பிள்" என்று அக்கா முறை வைத்து மலாயில் சொல்வார். ரொட்டி சானாய் வரும், தே தாரிக் வரும், பக்கத்து மேசைக்காரர் பந்து விளையாட்டைப் பற்றிப் பேச வருவார். நாங்கள் குளக்கரையில் கால் வைக்கும்போது வெயில் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். அது எங்கள் பிரிவின் பரம்பரைச் சொத்து.

யோங் பெங் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. தோட்டக் காலத்தில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தை ஆழமாக்கி, ஓரமாகக் கோரையும் தாமரையும் வைத்து, சுற்றி நடைபாதை போட்டு, 'ஈரநிலப் பூங்கா' என்று பலகையும் நட்டுவிட்டார்கள். நடுவில் ஒரு நீரூற்று. கரை முழுக்கக் கம்பளம் விரித்த மாதிரி புல். தண்ணீரோ பாண்டான் கேக்கின் நிறம். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு மெர்சிங்கிலிருந்தெல்லாம் கல்யாண ஜோடிகள் படம் எடுக்க வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மீட்டருக்கும் அந்தக் குளத்தை ரொம்பப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளந்தால் மாவட்டத்திலேயே அந்தக் குளம்தான் முதல் மாணவி. ஊர் நிர்வாகம் பார்க்கும் கவுன்சில் அந்தத் தாமானுக்குக் கேடயம்கூடக் கொடுத்தது. குடியிருப்பாளர் சங்கத்தின் செயர்மன் அதை வாங்கிக்கொண்டு எடுத்த படத்தில், அவர் சிரிப்பு கேடயத்தைவிட அகலமாக இருக்கும். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் குளத்தை நிர்வாகம் செய்தார்.

ஒரு நாள் அந்த முதல் மாணவியின் மடியில் மீன்கள் செத்து மிதந்தன.

அதற்கு முன் சில நாள்களாக நல்ல மழை, வானம் மூடியே கிடந்தது. அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. நாங்கள் வழக்கம்போலப் பசியாறிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது குளக்கரையில் திருவிழாக் கூட்டம். நாற்றம் வயிற்றைக் குமட்டியது. கூட்டத்தின் நடுவில் செயர்மன் நின்றார். அவருக்கு எதிரே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குளத்தை ஒட்டிய கடை வரிசையில் டோபி கடை நடத்தும் பாக்கியம் நின்றாள். அவள் கடையின் சாக்கடை குளத்தில்தான் முடிகிறது. துணி வெளுக்கும் குளோரின் வாடை அவள் கடை வாசலில் எப்போதும் இருக்கும். இந்த இரண்டையும் கூட்டிப் பார்த்து, செத்த மீனால் பெருக்கி, செயர்மன் அதற்குள் விடை கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க. மீட்டர போடுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா படிங்க" என்றார்.

மீட்டரைத் தண்ணீரில் விட்டேன். ஆக்ஸிஜன் எப்போதும்போல அமோகம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"எவ்ளோ நல்லா?"

"ரொம்ப நல்லா."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? மூச்சு விட காத்து தாராளமா இருக்கு. அப்புறம் எப்படி சாகும்? விஷம் லா! வேற என்னா?"

இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா, சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் அந்த நிமிடத்தில் தெரியவில்லை. என் கையால், என் மீட்டரால், என் வாயால் அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிறு மாட்டியாயிற்று. குளோரின் இருக்கிறதா என்று அங்கேயே சோதித்துப் பார்த்தேன். துளிகூட இல்லை. "வெயில்ல ஆவியா போயிருக்கும்" என்றார் செயர்மன். அதுவும் நடக்கக் கூடியதுதான். பாவி மனிதர், தப்பாகச் சொன்னாலும் புத்தகத்தில் இருப்பதையே சொன்னார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். "என்னாங்க மேடம், நான் துணி தொவச்சு பொழைக்கிறவ. மீனு மேல எனக்கு என்னா கோவம்? நாளைக்கு காலைல கவுன்சில் ஆளு பூட்டோட வர்றாராம். கடைய சாத்திட்டா அவ்ளோதான். கடை ஓனரு அந்த எடத்த பபிள் டீ கடைக்குக் குடுக்க எப்ப எப்பன்னு இருக்காரு. நானும் எங்கிட்ட வேல செய்ற ரெண்டு பொண்ணுங்களும் எங்க போறது?" குரல் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் பேசிக்கொண்டே கடைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

இதற்கிடையில் நாங்கள் மரியாதையாகப் புவான் என்று கூப்பிடும் என் மேலதிகாரி அம்மா போனில் வந்தார். "சந்தேகத்துக்குரிய ரசாயனம் என்று எழுதிவிட்டு வா. கவுன்சிலுக்கு இன்றைக்கே பதில் வேண்டும்" என்றார். எழுதுவதற்கு எவ்வளவு சுலபமான வார்த்தை பாருங்கள். சந்தேகம் உங்களுடையது, கடை அடுத்தவருடையது. எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று போன் சுட்டதா காது சுட்டதா என்று தெரியவில்லை. "நாளைக் காலையில் சொல்கிறேன் புவான், இங்கே சிக்னல் சரியில்லை" என்று சொல்லிக் கட் செய்தேன். சிக்னல் அருமையாக இருந்தது.

நெருக்கடியில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, கத்துகிறவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் குளத்தைப் பார்ப்பது. நான் அதைத்தான் செய்தேன். மிதந்தவை எல்லாம் பெரிய மீன்கள். தொடைத் தடிமன் லம்பாம், கெண்டை, திலாப்பியா. குஞ்சு குறுமான் ஒன்றுகூடச் சாகவில்லை. அதிலும் பாக்கியத்தின் சாக்கடை வாயிலேயே பொடி மீன்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. கெளுத்திகள் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோலக் கீழே போயின. விஷம் என்றால் முதலில் சாக்கடை வாயில் இருப்பவை அல்லவா போக வேண்டும்? பெரியது, சின்னது என்று மரியாதை பார்த்தா விஷம் கொல்லும்? மூச்சு முட்டினால்தான் பெரிய உடம்புக்காரர்கள் முதலில் விழுவார்கள். ஆனால் மீட்டர் காற்று தாராளம் என்கிறதே!

தாராளம். அந்த வார்த்தைதான் என்னை உறுத்தியது. சாதாரணத் தண்ணீர் பிடித்துவைக்கக் கூடிய அளவையும் தாண்டி நின்றது அந்த ஆக்ஸிஜன். அவ்வளவு காற்றை எங்கிருந்து கொண்டுவந்தது இந்தக் குளம்? பச்சையாக நிற்கிற பாசியிடமிருந்து. வெயில் இருக்கும்வரை பாசி காற்றை வாரி வழங்கும். வெயில் போனதும் அதே பாசி காற்றைக் குடிக்க ஆரம்பிக்கும். விடிய விடியக் குடிக்கும். சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் குளத்தின் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். நாங்களோ அந்த நேரத்தில் அந்தக் குளத்தைப் பார்த்ததே இல்லை. ஓவர்டைம் கிடையாது, ரொட்டிக் கடையும் திறந்திருக்காது. மோசமான கணக்கு வந்தால் மூன்று முறை அளந்து பார்க்கிறோம். நல்ல கணக்கு வந்தால் ஒரு முறை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுகிறோம். இந்தப் பழக்கத்தை மட்டும் என்னோடு ஓய்வு பெற விடுங்கள்.

சரி, காரணம் புரிந்துவிட்டது. இதைச் செயர்மனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை அவர். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். விடியுமுன் வந்து மீட்டரைப் பாருங்கள் என்றால், "அது ஒங்க வேலை மேடம்" என்பார். ஆகவே அவர் காதருகே போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். இத செஞ்சவங்க தினமும் விடியறதுக்கு முன்னாடி வந்து போறாங்கன்னு நெனைக்கிறேன். நாளைக்கு வந்தா கையும் களவுமா புடிக்கலாம்."

அவர் கண் பளபளத்தது. "நான் வரணுமா?"

"நீங்க இல்லாம யாரு சார்?"

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு வேனுக்குப் போகிற வழியில் டோபி கடையில் எட்டிப் பார்த்து, "நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி கொளத்துக்கு வா பாக்கியம். கேள்வி கேக்காத, வா" என்றும் சொல்லிவைத்தேன். ரோஸ்லானுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. "அலாமாக் காக், அந்த நேரத்தில் எங்கே சாப்பிடுவது?" என்றார்.

மறுநாள் இருட்டு பிரியாத வேளையில் நானும் ரோஸ்லானும் போனபோது செயர்மன் ஏற்கெனவே காகிதப்பூச் செடிக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். கறுப்பு டிராக்சூட், கறுப்புத் தொப்பி, கையில் டார்ச், கழுத்தில் விசில், தோளில் ஒரு துணிப்பை. காகிதப்பூச் செடிக்கு முள் உண்டு என்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கமிட்டி ஆள்கள் அத்தனை பேரையும் வரச் சொன்னாராம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "நம்ம ஆளுங்களே இப்படித்தான் மேடம்" என்று கிசுகிசுத்தார். ரோஸ்லான் எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மீட்டரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. பாக்கியம்.

அவ்வளவுதான், விசில் பறந்தது. "புடிச்சிட்டேன்! புடிச்சிட்டேன்!" என்று செயர்மன் செடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். தாமான் நாய்கள் எல்லாம் குரைத்தன. நாலைந்து வீடுகளில் விளக்கு எரிந்தது.

"யார சார் புடிச்சீங்க?" என்றாள் பாக்கியம். பயந்துபோய் நெஞ்சில் கை வைத்திருந்தாள், ஆனால் வாய் பயப்படவில்லை. "மேடம் வரச் சொன்னாங்க, வந்தேன். நீங்க ஏன் சார் பூச்செடிக்குள்ள படுத்திருக்கீங்க?"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு செயர்மன் கையிலிருந்த டார்ச்சை மீட்டர் மேல் திருப்பினேன். "குற்றவாளி வந்தாச்சு சார். படிங்க."

படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முந்தின பகலில் அமோகமாக இருந்த ஆக்ஸிஜன் இருந்த இடம் தெரியவில்லை. "ஒங்க மீட்டரு கெட்டுப் போச்சு" என்றார். மாற்று மீட்டரைப் போட்டேன். அதுவும் அதையே சொன்னது. ராத்திரி முழுக்கப் பாசி காற்றைக் குடித்துவிட்ட கதையை அங்கே வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். அடுத்து அவரை வறுத்தெடுக்க ஒரு நல்ல பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் நாள் பாக்கியத்தை அவர் நிறுத்திவைத்த அதே இடத்தில் அவரை நிறுத்திப் பேச வேண்டும் என்று வழி நெடுகப் பயிற்சி வேறு எடுத்திருந்தேன்.

கொஞ்சம் வெளுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் பார்த்தோம். கரையோரம் முழுக்க மீன்கள் மேலே வந்து நின்றன. நூற்றுக்கணக்கான வாய்கள் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடின.

செயர்மன் டார்ச்சை ரோஸ்லான் கையில் கொடுத்தார். "இருங்க, மொதல்ல இதுங்கள கவனிச்சிட்டு வந்துர்றேன்" என்று துணிப்பையைத் திறந்தார். உள்ளே ரொட்டி. ஒரு முழு ரொட்டி, துண்டு போட்டது. "நேத்து செத்ததெல்லாம் நான் வளத்ததுங்க மேடம். தினமும் இந்த நேரத்துக்கு வருவேன். நான் வர்றது எப்படித்தான் தெரியுமோ, எல்லாம் மேல வந்து வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். பசி, பாவம். போன வாரம் மழை நாளெல்லாம் ரொம்பக் கேட்டுச்சுங்க. ரெண்டு மடங்கு போட்டேன்."

என் பிரசங்கம் தொண்டையிலேயே செத்துப்போனது. சொல்லப்போனால் எனக்கு அந்த மனிதர் மேல் அதுவரை கொஞ்சம்கூடப் பிரியம் கிடையாது. அந்த நிமிடம் அவர் பாவமாகத் தெரிந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாதீங்க சார். அதுங்க பசியில வாயத் தொறக்கல. மூச்சு முட்டுது."

அவர் ரொட்டியைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார். "போட்டா தின்னுதே?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு தின்னும். மிச்சம் அடியில போயி அழுகும். அழுகுறதும் காத்தக் குடிக்கும், பாசிக்கும் சோறாகும். பாசி பெருகினா ராத்திரில இன்னும் குடிக்கும்."

அவர் கை தொங்கிவிட்டது. கரையைச் சுற்றி வளர்த்திருந்த புல்லைப் பார்த்தார். "மழைக்கு முன்னாடி புல்லுக்கு உரம் போட்டோம். நான்தான் நெறைய போடச் சொன்னேன்."

"அதுவும் மழையோட இங்கதான் வந்துச்சு சார். யாரும் விஷம் வைக்கல. எல்லாரும் சோறு போட்டிருக்கீங்க."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள். "நீ சிரிக்காத" என்றேன். "ஒன் சோப்புத் தண்ணி மட்டும் என்னா, பன்னீரா? அதுவும் பாசிக்கு விருந்துதான். கழிவுநீர்க் குழாய்ல சேக்கணும் அத." அவள் சிரிப்பு நின்றது.

நீரூற்று சும்மா நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கரண்ட் மிச்சமாகட்டும் என்று ராத்திரி நேரத்தில் நிறுத்திவைக்கச் சொன்னதும் செயர்மன்தானாம். அதாவது, காற்று வேண்டாத பகலில் படத்துக்காக ஓடும், காற்று வேண்டிய ராத்திரியில் தூங்கும். ரோஸ்லான் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் மேலே எழும்பி விழுந்ததும் மீன்கள் எல்லாம் அந்தப் பக்கம் தள்ளுமுள்ளு போட்டுக்கொண்டு போயின. செயர்மன் ரொட்டிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு திடீரென்று, "பாசி கொல்ற மருந்து இருக்காமே, இன்னைக்கே வாங்கிக் கொட்டிரலாமா?" என்று கேட்டார். மனிதருக்கு எதையாவது போட்டே ஆக வேண்டும். அவ்வளவு பாசியும் ஒரே நாளில் செத்து அழுகினால் மிச்ச மீனும் போய்விடும் என்று சொல்லித் தடுத்தேன். உங்களிடமும் இதைக் கேட்பார்கள். கெஞ்சுவார்கள், மேலிடத்திலிருந்து போன் வரும். போடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் மருந்து, ஆனால் அதைக் கொடுத்தால் யாரும் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டார்கள்.

கடைகள் திறக்கும் நேரத்துக்குக் கவுன்சில் அதிகாரி பெரிய பூட்டோடு வந்தார். விசில் சத்தத்தில் விழித்த தாமான் ஏற்கெனவே டோபி கடை வாசலில் கூடியிருந்தது. பாக்கியம் கடைக் கதவைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் பேசுவதற்கு வாயைத் திறந்தேன். செயர்மன் என்னைத் தாண்டிக்கொண்டு போனார், டிராக்சூட்டில் ஒட்டிய காகிதப்பூவோடு.

"பூட்ட வேணாம்" என்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே சார் புகார் குடுத்தீங்க?"

"குடுத்தேன். தப்பு. இந்தம்மா விஷம் ஊத்தல." கூட்டத்தைப் பார்க்காமல், பூட்டைப் பார்த்துக்கொண்டே, ரொட்டியிலிருந்து உரம்வரை எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் பலர் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ரொட்டி போட்டவர்கள்தான். கோயில் அபிஷேகத்துப் பாலும், கார் கழுவின தண்ணீரும் எந்தச் சாக்கடையில் போயின என்று அவர்களுக்கும் தெரியும்.

அதிகாரி பூட்டைக் கைமாற்றிக்கொண்டார். "சரி சார், ஆனா நான் ஆபிஸுக்குப் பதில் சொல்லணும். காரணம்னு யார் பேரையாவது போட்டாகணும்."

பாக்கியம்தான் பதில் சொன்னாள், முதுகைக் கதவிலிருந்து எடுக்காமலே. "இந்தத் தாமான்ல இருக்குற எல்லார் பேரையும் போடுங்க. என் பேரையும் போடுங்க, பரவால்ல, சோப்புத் தண்ணி என்னுதுதான். ஆனா மொதல்ல போடாதீங்க."

செயர்மன் டிராக்சூட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மொதல்ல என் பேரு" என்றார். "நான்தான் செயர்மன்."